பிரெஞ்சுக்காரர்கள் யாருடைய வம்சம்?

வாசகர் கேள்வி, 9 ஜனவரி 2024

பிரெஞ்சுக்காரர்கள் கெல்ட்டிய இனத்தவர் என்று பள்ளியில் படித்தேன். என் அறைத்தோழரோ, நாட்டின் பெயரே ஃபிராங்குகளுடையது, அவர்கள் ஜெர்மானியர்கள், ஆகவே பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களே என்கிறார். மொழியைப் பார்த்தால் லத்தீன் வழி வந்தது. இன்றைய கால்பந்து அணியைப் பார்த்தால் இந்த மூன்றுமே பொருந்தவில்லை. உண்மையில் இவர்கள் யார்? ஒரே வரியில் பதில் உண்டா?

10 ஜனவரி 2024

ஒரே வரிதான் வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பெயர் ஃபிராங்குகள் கொடுத்தது, மொழி ரோமர்கள் கொடுத்தது, உடம்பின் பெரும்பகுதி இந்த இரு சாராருக்கும் முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் கொடுத்தது. ஆனால் இந்த ஒரு வரியோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் தவறான முடிவுக்குப் போகிறார்கள். நான் லியோன் நகரத்தின் புறநகரில் நெடுங்காலமாக வாழ்கிறேன். எனக்கு வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் எழுதுகிறேன்.

11 ஜனவரி 2024

அடியிலிருந்து தொடங்குகிறேன். தோர்தோஞ் பகுதியில் லெ ஸேசி என்ற ஊரில், 1868இல் ரயில் பாதைக்காக மண் வெட்டியபோது பாறை ஒதுங்கிடம் ஒன்றில் எலும்புக்கூடுகள் கிடைத்தன. குரோ-மாஞோன் என்ற பெயர் உலகெங்கும் பரவியது அந்த இடத்தால்தான். இந்த வேட்டைச் சமூகங்கள் மிகப் பழையவை. ஷோவே குகை ஓவியங்களுக்கே முப்பத்தைந்தாயிரம் ஆண்டு வயது. ஆனால் இன்றைய பிரெஞ்சுக்காரர் உடம்பில் வேட்டையாடிகளின் பங்கு சிறியது.

அடுத்து வந்தவர்கள் உழவர்கள். இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியிலிருந்து கோதுமையும் ஆடும் சுமந்துகொண்டு இரண்டு வழிகளில் வந்தார்கள். ஒரு கூட்டம் மத்தியதரைக் கடலோரமாக, இன்னொன்று தன்யூப் ஆற்றின் வழியாக. கி.மு. ஆறாம் ஆயிரத்தாண்டில் இரண்டும் பிரான்ஸின் மண்ணை எட்டிவிட்டன. பிரெத்தாஞ் பகுதியில் கார்னாக்கில் வரிசை வரிசையாக நிற்கும் கற்களை நட்டவர்கள் இந்த உழவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுக்குப் பிறகு, கி.மு. 2500ஐ ஒட்டி, கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளி மேய்ப்பர்களின் மரபு கலந்தது. வேட்டையாடி, உழவர், மேய்ப்பர் என்ற இந்த மூன்று படிவுகளும் கலந்து முடிந்த பிறகுதான் நாம் கெல்ட்டுகள் என்று சொல்கிறவர்களே வரலாற்றில் தெரிகிறார்கள்.

ஆக, "தூய கெல்ட்டு" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் தொடக்கம் என்று நினைப்பது ஏற்கெனவே மூன்று முறை கலந்த ஒன்று.

11 ஜனவரி 2024, இரவு

பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையில் வாழும் பாஸ்க் மக்களைப் பற்றி ஒருவர் உடனே கேட்டுவிட்டார்: "அவர்களாவது கலக்காதவர்கள் இல்லையா?" அவர்கள் மொழி ஐரோப்பாவின் எந்த மொழிக் குடும்பத்திலும் சேராதது, இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பரவுவதற்கு முன்பிருந்தே எஞ்சி நிற்பது. ஆனால் பாஸ்க் ஆண்களில் மிகப் பெரும்பாலோர் சுமக்கும் தந்தைவழி மரபணுக் குறி அந்தப் புல்வெளி மேய்ப்பர்களிடமிருந்து வந்தது. மொழி அம்மாவிடமே தங்கிவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதற்குச் சான்று காட்ட முடியாது. மொழியும் மரபும் ஒன்றாகப் பயணம் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை என்பது மட்டும் உறுதி. இந்த இழையில் மறுபடி மறுபடி இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

14 ஜனவரி 2024

இன்றைய பிரான்ஸின் பழைய பெயர் கோல். அங்கு வாழ்ந்தவர்கள் கோலியர்கள். சீசர் தன் போர்க்குறிப்பின் முதல் வரியிலேயே அந்த நாடு மூன்று பகுதிகளாகப் பிரிந்திருப்பதாகச் சொல்கிறார்: வடக்கே பெல்கர்கள், தென்மேற்கே அக்கித்தானியர்கள், நடுவில் கெல்ட்டுகள். மூவரும் மொழி, வழக்கம், சட்டம் எல்லாவற்றிலும் வேறுபட்டவர்கள் என்கிறார். அக்கித்தானியரின் மொழி பாஸ்க் மொழிக்கு உறவானது. ஆகவே அவர்களைக் கெல்ட்டுகள் என்றே சொல்ல முடியாது. தெற்குக் கடற்கரையில் கிரேக்கர்கள் வேறு: போக்கேயா நகரத்தவர்கள் கி.மு. 600ஐ ஒட்டி மார்செய் நகரை நிறுவினார்கள். நீஸ், ஆந்தீப், ஆக்த் எல்லாம் கிரேக்கக் குடியிருப்புகளாகத் தொடங்கியவை.

கோலியர்கள் ஒரே மக்கள் அல்லர். பாரிசியர், ரெமியர், துரோனர், நம்நெத்தர், அர்வெர்னர் என்று குலம் குலமாக இருந்தார்கள். பாரிஸ், ரேன்ஸ், தூர், நாந்த், ஓவெர்ஞ் என்ற பெயர்களில் அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். லியோனில் சோன் ஆறு ரோன் ஆற்றோடு சேரும் இடத்துக்கு மேலே, அறுபது குலங்களின் பெயரால் ரோமர்கள் ஒரு பலிபீடம் எழுப்பினார்கள். கி.மு. 52இல் கோலியர்களின் தலைவன் வெர்சின்ஜெத்தோரிக்ஸ் அலேசியாவில் சீசரிடம் சரணடைந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவரை எதிர்த்து ரோமர்கள் பக்கம் நின்ற கோலியர்களும் உண்டு என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த பொருள் ஃபூர்வியேர் குன்றின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெண்கலப் பலகை ஒன்று. அகலம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேற்பகுதி உடைந்து போய்விட்டது. எஞ்சியதில் இரண்டு பத்திகளாக லத்தீன் எழுத்துகள். 1528இல் குருவா-ரூஸ் குன்றில் ஒரு துணி வணிகரின் திராட்சைத் தோட்டத்தில் கிடைத்தது. கி.பி. 48இல் பேரரசர் கிளாடியஸ் ரோம் செனட்டில் ஆற்றிய உரை அதில் வெட்டப்பட்டிருக்கிறது. கோல் நாட்டுப் பெருமக்களைச் செனட்டில் சேர்க்கலாமா என்பதுதான் விவாதம். கிளாடியஸ் லியோனில் பிறந்தவர். அவர் வாதம் என்ன தெரியுமா? ரோமின் பழைய அரசர்களே வெளியாட்கள்தாம்: நூமா சபீனர், தார்க்வினின் தந்தை கொரிந்திலிருந்து வந்த கிரேக்கர். வெளியிலிருந்து வந்தவரைச் சேர்த்துக்கொண்டுதான் ரோம் வளர்ந்தது, இன்று மட்டும் ஏன் தயக்கம் என்கிறார்.

எழுத்துகள் அவ்வளவு கூர்மையாக வெட்டப்பட்டிருக்கின்றன; விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு எழுத்தின் பள்ளமும் தனித்தனியே தெரிகிறது. குடியுரிமை பற்றி இன்று தொலைக்காட்சியில் நடக்கும் சண்டையை இரவு பார்த்துவிட்டு மறுநாள் அந்தப் பலகை முன்னால் போய் நிற்க வேண்டும். இரண்டு பக்கத்து வாதங்களும் அப்படியே இருக்கின்றன.

20 ஜனவரி 2024

இப்போது ஃபிராங்குகள். கேள்வி கேட்டவரின் அறைத்தோழருக்கு இது.

ஐந்தாம் நூற்றாண்டில் ரோம அதிகாரம் தளர்ந்தபோது வந்தவர்கள் ஃபிராங்குகள் மட்டும் அல்லர். துலூஸில் விசிகோத்துகளின் அரசு, ரோன் ஆற்றங்கரையில் பர்கண்டியரின் அரசு, ஆங்காங்கே ஆலன்கள், சாக்சன்கள். ஃபிராங்குகளின் அரசன் குளோவிஸ் 507இல் வூயே போரில் விசிகோத்துகளைத் தோற்கடித்தான். ரேன்ஸில் கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்றான். வென்றவர்களின் பெயர் நாட்டுக்கு நின்றது. ஆனால் அவர்கள் மக்கள்தொகையில் சிறுபான்மை. சில தலைமுறைகளில் வென்றவர்களே தோற்றவர்களின் லத்தீனைப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

கல்லறைகளிலும் ஆவணங்களிலும் ஜெர்மானியப் பெயர்கள் நிறைய இருக்கின்றனவே என்று கேட்கலாம். ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் கோலிய-ரோமக் குடும்பங்களும் தங்கள் பிள்ளைகளுக்கு ஃபிராங்குப் பெயர் வைக்கத் தொடங்கின. அதிகாரத்தில் இருக்கிறவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது எங்கும் நடப்பதுதான். லூயி, ஷார்ல், ஆன்ரி, ரொபேர் எல்லாம் ஜெர்மானிய மூலப் பெயர்கள். பெயரைக் கொண்டு ஒருவர் ரத்தத்தை எண்ண முற்படுவது வீண் வேலை. வடக்கில் ஃபிராங்குக் கலப்பு கூடுதல், லுவார் ஆற்றுக்குத் தெற்கே குறைவு என்ற அளவுக்கு வேண்டுமானால் பேசலாம்.

21 ஜனவரி 2024

விட்டுப்போனவர்கள் இருவர். பிரெத்தோன் மக்கள் கோலியர்களின் எச்சம் அல்லர். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள். அவர்கள் மொழிக்கு மிக நெருங்கிய உறவு கார்ன்வாலின் மொழி. நார்மண்டியில் 911இல் வைக்கிங் தலைவன் ரோலோவுக்கு அரசன் சார்ல் நிலம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டான். ஓன்ஃபிளர், இவெத்தோ போன்ற ஊர்ப்பெயர்கள் அவர்கள் விட்டுச்சென்றவை. இரண்டே தலைமுறைகளில் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசுகிறவர்களாகிவிட்டார்கள்.

யூதர்களை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ரோமர் காலத்திலிருந்தே அங்கு இருந்தவர்கள். யூத மறைநூல் உரையாசிரியர்களில் தலைசிறந்தவரான ராஷி 1040இல் ஷம்பாஞ் பகுதியின் துருவா நகரில் பிறந்தவர். ஹீப்ரூ உரையின் நடுவே கடினமான சொற்களுக்கு அவர் எழுதிவைத்த பழைய பிரெஞ்சுச் சொற்கள், அந்த மொழியின் வரலாற்றை ஆய்கிறவர்களுக்கு இன்று புதையல். பிரெஞ்சு மொழிக்கு அப்படிச் சான்று தந்த சமூகத்துக்குக் குடியுரிமை 1791இல்தான் முழுமையாகக் கிடைத்தது.

28 ஜனவரி 2024

"சரி, அப்படியானால் கோலியர்கள்தாம் மூதாதையர் என்று பள்ளியில் ஏன் சொன்னார்கள்?" என்று கேட்கிறீர்கள். இந்த விவாதத்தின் மையமே இதுதான் என்பது என் எண்ணம். பிரான்ஸில் மூதாதையர் யார் என்ற கேள்வி எப்போதும் நிகழ்காலச் சண்டைக்காகக் கேட்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய பாட்டனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

ஏழாம் நூற்றாண்டின் ஃபிரெடெகார் நாளாகமத்திலேயே ஃபிராங்குகள் டிராய் நகரத்து இளவரசர்களின் வம்சம் என்ற கதை வந்துவிட்டது. ரோமர்களுக்கு மூதாதையாக டிராயின் ஏனியாஸ் இருந்தால் நமக்கும் ஒருவர் வேண்டாமா? இந்தக் கதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அரசவைகளில் செல்வாக்கோடு இருந்தது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூலன்வில்லியே பிரபு வேறொரு வாதம் வைத்தார். பிரபுக்கள் வென்ற ஃபிராங்குகளின் பிள்ளைகள், பொதுமக்கள் தோற்ற கோலியர்களின் பிள்ளைகள், ஆகவே பிரபுக்களின் சலுகைகள் போர் வென்ற உரிமை என்றார். ஒரே நாட்டுக்குள் இரண்டு இனம்! இதற்குப் பதில் 1789 ஜனவரியில் வந்தது. பிரபுக்களும் மதகுருக்களும் அல்லாத பொதுமக்களான மூன்றாம் வகுப்பினர் பற்றிய துண்டுநூலில் மதகுரு சியேயெஸ், வென்றவர் வம்சம் என்று பெருமை பேசும் குடும்பங்களை எல்லாம் ஃபிராங்கோனியாவின் காடுகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்டார். புரட்சி மூண்ட ஆண்டு அது. வம்சாவளி வாதத்தை அதே வம்சாவளி வாதத்தால் திருப்பி அடித்த இடம் அது; நான் அதைப் படிக்கும்போதெல்லாம் எழுந்து நின்று கைதட்டத் தோன்றும்.

பிறகு பாட்டன் பதவி கோலியருக்கு மாறியது. மூன்றாம் நெப்போலியன் அலேசியாவைத் தேடி அலீஸ் ஊரில் அகழாய்வு நடத்தினார். 1865இல் அங்கே வெர்சின்ஜெத்தோரிக்ஸுக்குப் பிரம்மாண்டமான சிலை வைத்தார். சிற்பி எமே மில்லே அந்த முகத்துக்குப் பேரரசரின் சாயலையே கொடுத்துவிட்டார் என்பது பலரும் சொல்வது. போய்ப் பாருங்கள், மீசையைப் பார்த்தாலே தெரியும். 1870இல் ஜெர்மானியர்களிடம் தோற்ற பிறகு ஜெர்மானிய மூதாதையர் யாருக்கு வேண்டும்? மூன்றாம் குடியரசின் பள்ளிகளில் எர்னெஸ்ட் லவிஸ் எழுதிய பாடநூல்கள் கோலியரிலிருந்து கதையைத் தொடங்கின. ஒரு தலைமுறைக்குள் அது எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது.

சிந்தனையாளர் எர்னெஸ்ட் ரெனான் 1882 மார்ச் 11இல் சொர்போனில் ஆற்றிய உரை இதற்கெல்லாம் எதிர்த்திசையில் போனது. பிரெஞ்சுக் குடிமகன் எவனுக்கும் தான் பர்கண்டியனா, ஆலனா, விசிகோத்தா என்று தெரியாது. அப்படி மறந்ததால்தான் நாடு உண்டானது என்றார் அவர். எனக்கு ரெனானின் எல்லாக் கருத்துகளோடும் உடன்பாடில்லை. இதில் அவர் பக்கம்தான்.

29 ஜனவரி 2024

என் தந்தை காரைக்காலில் படித்தவர். வரலாற்று வகுப்பில் அவருக்குக் கோலியர்களைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்; தலைவர்களின் பெயர்களைக் கடைசி வரை தப்பில்லாமல் சொல்வார். அதை அவர் கேலியாகச் சொன்னதே இல்லை. அரசலாற்றின் கரையில் உட்கார்ந்து அலேசியா முற்றுகையை அவர் வருணிக்கும்போது, தோற்றவர்கள் பக்கம் நிற்பது அவருக்கு இயல்பாகவே வந்தது. இதை இப்போது யோசிக்கும்போது, அந்தப் பாடம் அபத்தமானது என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவருடைய மூதாதையரைப் பற்றி அதே வகுப்பில் ஒரு பாடமும் இல்லை என்பதுதான் குறை.

இன்னொன்று. கோலியர் என்றவுடன் இன்று உலகமே நினைக்கும் சித்திரக்கதை நாயகன் ஆஸ்டெரிக்ஸ் 1959இல் பிறந்தவர். கதை எழுதிய கொஸினி போலந்து, உக்ரைன் பகுதிகளிலிருந்து வந்த யூதப் பெற்றோரின் மகன், அர்ஜென்டினாவில் வளர்ந்தவர். ஓவியர் உதெர்ஸோ இத்தாலியக் குடியேறிகளின் மகன். கோலியப் பாட்டனுக்கு இவ்வளவு அன்பாக முகம் வரைந்தவர்கள் குடியேறிகளின் பிள்ளைகள்.

4 பிப்ரவரி 2024

"இந்தக் கலப்பெல்லாம் பழங்கதை, 1950 வரை பிரான்ஸ் ஒரே மாதிரி மக்களின் நாடு, அதன் பிறகுதான் எல்லாம் மாறியது" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அவருக்கு 1931ஆம் ஆண்டின் குடிக்கணக்கைக் காட்ட விரும்புகிறேன். வெளிநாட்டவர் ஏறத்தாழ 27 லட்சம். இத்தாலியர் மட்டும் எட்டு லட்சத்துக்கு மேல், போலந்துக்காரர் ஐந்து லட்சத்துக்கு மேல், ஸ்பானியர் மூன்றரை லட்சம். முதல் உலகப் போரில் பதின்மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஆண்களை இழந்த நாடு அது. சுரங்கத்துக்கும் வயலுக்கும் ஆள் இல்லை. 1919இல் போலந்தோடு ஒப்பந்தம் போட்டு ஆட்களை வரவழைத்தார்கள்.

அவர்களை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1893 ஆகஸ்டில் தெற்கே எக்-மோர்த் உப்பளங்களில் இத்தாலியத் தொழிலாளிகளைக் கும்பல் அடித்துக் கொன்றது. அரசுக் கணக்கில் எட்டுப் பேர். வழக்கில் எல்லோரும் விடுதலை. 1930களின் நெருக்கடியில் போலந்துச் சுரங்கத் தொழிலாளிகளைக் குடும்பத்தோடு ரயிலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அன்று இத்தாலியரைப் பற்றிச் சொன்ன சொற்கள் (அழுக்கானவர்கள், கத்தி வைத்திருப்பவர்கள், கூலியைக் கெடுப்பவர்கள், மதப்பித்தர்கள்) யாரைப் பற்றி இன்று சொல்லப்படுகின்றன என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

என் மருமகள் வடக்கே லான்ஸ் பக்கத்தவள். அவளுடைய கொள்ளுத்தாத்தா போலந்திலிருந்து நேராக வரவில்லை. முதலில் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா சுரங்கங்களில் வேலை செய்துவிட்டு, போருக்குப் பிறகு அங்கிருந்து வந்தார். அந்தப் பகுதியில் பலர் கதை இப்படித்தான். அவர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நவம்பர் மாதம் அவளோடு போயிருந்தேன். கல்லில் பதித்த பீங்கான் வில்லையில் நீள்வட்டப் புகைப்படங்கள். முதல் வரிசைக் கற்களில் பெயரும் பிரார்த்தனையும் போலிஷ் மொழியில். அடுத்த தலைமுறைக் கற்களில் குடும்பப்பெயர் "ஸ்கி" என்று முடிகிறது, முதல் பெயர் ஆன்ட்ரே, பிரார்த்தனை பிரெஞ்சில். அதற்கும் அடுத்ததில் பிரார்த்தனையே இல்லை, சுரங்கத் தொழிலாளர் பதக்கம் மட்டும். மருமகள் ஒவ்வொரு கல்லையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே உறவுமுறை சொல்லி வந்தாள்.

10 பிப்ரவரி 2024

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். "எல்லோரும் குடியேறிகளே" என்ற பொருள் தொனித்துவிடும்போல் இருக்கிறது. அதுவும் சரியல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்த நாட்டில் பெரும்பாலோர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே மணம் முடித்து, அங்கேயே இறந்த உழவர்கள். லுவார், கரோன் ஆறுகள் இரு கரை மக்களின் மரபணுவில் இன்றும் மெல்லிய கோடாகத் தெரியும் அளவுக்கு அந்த நிலைத்தன்மை இருந்தது. அந்தக் கிராமத்து மனிதரைக் கணக்கில் எடுக்காமல் பேசுவது நியாயமில்லை.

ஆனால் அந்தக் கிராமத்தவர் தன்னைப் பிரெஞ்சுக்காரர் என்று நினைத்தாரா? 1794இல் மதகுரு கிரேகுவார் புரட்சி அவையில் வாசித்த அறிக்கை, குறைந்தது அறுபது லட்சம் பேருக்குப் பிரெஞ்சு மொழியே தெரியாது என்றும், தூய்மையாகப் பேசக்கூடியவர்கள் முப்பது லட்சத்தைத் தாண்டமாட்டார்கள் என்றும் சொன்னது. தெற்கே ஒக்ஸித்தான், மூலைகளில் பிரெத்தோன், பாஸ்க், கத்தலான், அல்சேசிய ஜெர்மன், ஃபிளெமிஷ், கோர்சிகன். நாடு துண்டு துண்டாகச் சேர்ந்தது: பிரெத்தாஞ் 1532, ரூசியோன் 1659, ஸ்த்ராஸ்பூர் 1681, கோர்சிகா 1768, சவோயும் நீஸும் 1860. கோர்சிகா கைமாறிய மறு ஆண்டு நெப்போலியன் பிறந்தார். வீட்டில் பேசியது பிரெஞ்சு அல்ல.

19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்ததும் பிரெத்தோன்கள் பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்தில் இறங்கி அதைச் சுற்றியே தங்கினார்கள். இன்றும் அங்கே பிரெத்தாஞ்சின் மெல்லிய தோசை போன்ற கிரெப் விற்கும் கடைகள் வரிசையாக இருப்பது அதனால்தான். ஓவெர்ஞ் மலையிலிருந்து வந்தவர்கள் தண்ணீர் சுமந்து, கரி விற்று, பிறகு காப்பிக் கடை வைத்தார்கள். தலைநகரத்தார் கண்ணில் இவர்களும் அந்நியர்கள்தாம். பெருநகரத்தில் ஊர்க்காரர் ஊர்க்காரரைத் தேடிப்போய்த் தங்குவது நம் ஆட்களுக்கு விளக்க வேண்டிய விஷயமா?

21 பிப்ரவரி 2024, இரவு

இன்று மிசாக் மனூஷியானையும் அவர் மனைவி மெலினேயையும் நாட்டின் பெரியோர் அடக்கமாகியிருக்கும் பாரிஸின் பாந்தியோனுக்குக் கொண்டு சென்றார்கள். மழை. தொலைக்காட்சி முன்னால் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன்.

மனூஷியான் ஆர்மேனியர், இனப்படுகொலையில் தப்பிய அனாதைக் குழந்தை, பிரான்ஸில் தொழிற்சாலைத் தொழிலாளி, கவிஞர். பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த குடியேறிகளின் படைக்குத் தலைமை ஏற்று, 1944இல் இதே நாளில் மோன்-வலேரியனில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்களை இழிவுபடுத்த ஆக்கிரமிப்பாளர்கள் ஒட்டிய சிவப்புச் சுவரொட்டியில் பத்து முகங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயரோடு பூர்வீகம்: போலந்து யூதர், ஹங்கேரி யூதர், ஸ்பானியச் சிவப்பர், இத்தாலியக் கம்யூனிஸ்ட், ஆர்மேனியர். இவர்கள் நம்மவர் அல்லர், ஆகவே விடுதலை வீரர்களும் அல்லர் என்று சொல்வதற்காக அச்சிட்டது.

பூர்வீகத்தைப் பற்றி ஆர்வத்தோடு எழுதிக்கொண்டிருக்கும் நாம் எல்லோரும் அந்தச் சுவரொட்டியை ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரே தகவல், யார் கையில், எதற்காக இருக்கிறது என்பதில்தான் எல்லாம். இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

25 பிப்ரவரி 2024

"எத்தனை சதவீதம் எந்த இனம் என்று அரசு கணக்கெடுக்கவில்லையா?" இல்லை. இனம், மதம் சார்ந்த விவரங்களைத் திரட்டுவதை 1978ஆம் ஆண்டுச் சட்டம் மிகக் குறைந்த விதிவிலக்குகளோடு தடுக்கிறது. 2007இல் அரசியலமைப்பு மன்றமும் அதை உறுதி செய்தது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி ஆட்சி யூதர்களைப் பதிவேட்டில் எழுதியதும், 1940 ஜூலையில் சட்டம் போட்டுப் பதினைந்தாயிரம் பேரின் குடியுரிமையைப் பறித்ததும் இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் இருக்கின்றன.

பிறந்த நாடும் குடியுரிமையும் மட்டும் கேட்கலாம். அந்தக் கணக்கின்படி 2022இல் குடியேறியவர்கள் 70 லட்சம், மக்கள்தொகையில் 10.3 சதவீதம். மூன்று தலைமுறைகளைச் சேர்த்துப் பார்த்தால் 60 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடியேற்றத் தொடர்பு இருக்கிறது.

வீட்டுக்கே வரும் மரபணுப் பரிசோதனைப் பெட்டியை வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: பிரான்ஸில் அது சட்டவிரோதம், 3,750 யூரோ அபராதம். பலர் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறார்கள் என்பதும் உண்மை. இந்தத் தடை சரியா என்பதில் எனக்கு இரண்டு மனம். குடும்பத்துக்குள் புதைந்த உண்மைகள் தபாலில் வந்து விழும் என்ற அச்சம் நியாயமானது. பெற்றோரைத் தெரியாமல் வளர்ந்த ஒருவரிடம் போய் அதைச் சொல்லும் துணிவும் எனக்கு இல்லை.

3 மார்ச் 2024

குடியேறிகள், பூர்வகுடிகள் என்ற இரண்டு பெட்டிகளிலும் அடங்காதவர்களைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. பிரான்ஸே தேடிப்போய்ச் சேர்த்துக்கொண்டவர்கள். எங்களைப் போன்றவர்கள்.

1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, பிரெஞ்சிந்தியாவில் சாதி, மதம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் புதுக் குடும்பப்பெயர் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை "லாபோர்த்" ஆனார். என் பாட்டனாரின் தகப்பனாரும் கையெழுத்துப் போட்டவர். பாட்டனார் சைகோனில் சுங்க வேலை பார்த்தார். இந்தோசீனா கைவிட்டுப் போனதும் பிரான்ஸுக்கு வந்து சேர்ந்தார். 1962இல் பிரெஞ்சிந்தியாவை இந்தியாவிடம் கைமாற்றும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, எந்தக் குடியுரிமை என்று தேர்ந்தெடுக்க ஊரில் இருந்தவர்களுக்கு ஆறு மாதக் கெடு; அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியர் என்று பிரிந்த வீடுகள் காரைக்காலில் எத்தனையோ.

இன்னும் முன்னால் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். அடிமை முறை 1848இல் ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடி, காரைக்கால், புதுச்சேரித் துறைகளிலிருந்து இந்தியப் பெருங்கடல் தீவான ரெயூனியனுக்கும், கரீபியன் தீவுகளான மர்த்தினிக்குக்கு 1853இலும், குவாதலூப்புக்கு 1854இலும் கப்பல் ஏற்றினார்கள். குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904இல் தொடங்கி, அங்குள்ள இந்திய வம்சாவளியினருக்கு வாக்குரிமை கேட்டுப் போராடி 1923இல் வென்றார். ஆப்பிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்கள், தமிழ்க் கூலிகளின் வழித்தோன்றல்கள், பிரெத்தோன் மாலுமிகளின் வழித்தோன்றல்கள் ஒரே குடும்பப் படத்தில் நிற்பதை ரெயூனியனில் பார்க்கலாம். அவர்களும் பிரெஞ்சு மக்கள். பல பகுதிகளில் சவோயை விடப் பழைய பிரெஞ்சு மக்கள்.

9 மார்ச் 2024

கால்பந்துக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று கேள்வி கேட்டவர் நினைவூட்டுகிறார். 1958இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் ரெமோன் கோப்பா. உண்மைப் பெயர் கோப்பாஷெவ்ஸ்கி. சுரங்கத்தில் வேலை செய்து விபத்தில் விரலை இழந்தவர். பிளத்தினியின் பாட்டன் இத்தாலியிலிருந்து லொரேன் இரும்புப் பகுதிக்கு வந்தவர். 1998இல் உலகக் கோப்பை வென்ற அணியில் சிதானின் பெற்றோர் அல்ஜீரியாவின் கபீலியர், லிசராசு பாஸ்க், ஜோர்கயெஃப் தாய்வழியில் ஆர்மேனியர், துரம் குவாதலூப்பில் பிறந்தவர், கரம்பே நியூ கலிடோனியாவில், தெசையி கானாவில். உங்களுக்குப் பொருந்தாமல் தெரிந்த அந்த அணியின் பட்டியலை மேலே நான் எழுதிய குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடிக்கணக்கு, கைப்பற்றிய தீவு, மூடிய சுரங்கம் எல்லாம் வரிசையாக அதில் இருக்கின்றன.

17 மார்ச் 2024

காரைக்கால், புதுச்சேரி மூதாதையரைத் தேட எங்கே தொடங்குவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்-ஆன்-புரொவான்ஸில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம், பிரெஞ்சிந்தியாவின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை. முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள், பிறகு ஆண்டு. ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் பெரும்பாலும் பெயர்ப்பட்டியல் இருக்கும்.

எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஆகவே ஒரே ஆள் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார்; வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். துறப்புக்குப் பிறகு குடும்பப்பெயர் மாறிவிடும் என்பதால், பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்துக் குறிப்பிடும் துறப்புப் பத்திரத்தை முதலில் தேடுங்கள். சாட்சிகளின் கையெழுத்தையும் பாருங்கள். பலர் தமிழிலேயே போட்டிருக்கிறார்கள்.